சிவப்புக் கோட்டுக்குள் மலை இல்லை

ரேடார் அறைக்குப் புதிதாக வந்திருக்கும் உங்களைப் பார்த்தால் எனக்குக் கொஞ்சம் பொறாமையாகத்தான் இருக்கிறது. உங்கள் திரையில் மழை நிறம் நிறமாக வந்து நிற்கிறது. எங்கள் காலத்தில் ஒரே நிறம்தான். இருட்டு அறையில் பச்சையாக மினுங்கும். அது மழையா, கப்பலா, வேறு ஏதாவதா என்று நாங்கள்தான் முடிவு செய்துகொள்ள வேண்டும். கருவியைப் பற்றி உங்களுக்கு நான் சொல்ல எதுவும் இல்லை. என்னைவிட நன்றாகவே படித்துவிட்டு வந்திருப்பீர்கள். ஒரே ஒரு பிற்பகலைப் பற்றிச் சொல்லிவிட்டு உங்களை விட்டுவிடுகிறேன்.

எழுபதுகளின் நடுப்பகுதி. கடலுக்கு மேல் மேகம் எப்படித் திரள்கிறது, எந்த மேகம் கரைக்கு வந்து பெய்கிறது, எது கடலிலேயே கொட்டித் தீர்த்துவிடுகிறது என்று ஆராய்வது எங்கள் வேலை. சரக்கு சுமந்து ஓய்ந்துபோன ஒரு கப்பலை வாடகைக்குப் பிடித்து, அதன் மேல்தளத்தில் ரேடாரைப் பொருத்தியிருந்தார்கள். பழவேற்காட்டுக்குக் கிழக்கே, கரை கண்ணுக்குத் தெரியாத தூரத்தில் கப்பல் நிற்கும். மீனம்பாக்கத்திலிருந்து பழைய இரட்டை எஞ்சின் விமானம் ஒன்று வரும். எந்த மேகம் எங்கே இருக்கிறது என்று நாங்கள் ரேடியோவில் சொல்வோம். விமானம் அதற்குள் புகுந்து, நீர்த்துளிகளைப் பிடித்துக்கொண்டு வெளியே வரும். அந்த விமானத்துக்கென்று சொந்தமாக ரேடார் கிடையாது. மேகக் கூட்டத்துக்கு நடுவில் அதற்குக் கண் நாங்கள்தான்.

கப்பலில் சுக்கான் பிடித்தவர் பழவேற்காட்டு மீனவர். எங்கள் பிழைப்பைப் பார்த்து அவருக்குச் சிரிப்பு தாங்காது.

"அம்மாம் பெரிய மேகத்துல நாலு சொட்டு புட்சிக்கினு போயி இன்னா சார் பண்ணுவீங்க?" என்று கேட்டார் ஒரு நாள்.

"எண்ணிப் பார்ப்போம்" என்றேன்.

"எண்ணி?"

"மழை வருமா வராதான்னு சொல்லுவோம்."

"நீங்க எண்ணி முடிக்கறதுக்குள்ள அது வந்துட்டுப் பூடும் சார்" என்றார். அவர் சொன்னதில் பாதி உண்மைதான். ஆனால் அதை ஒப்புக்கொண்டால் சம்பளம் வாங்க முடியாது.

விமானத்தில் துளி பிடிக்கும் வேலை முனிரத்தினத்துடையது. எண்ணெய் பூசிய சிறு கண்ணாடித் துண்டை ஒரு கோலின் நுனியில் செருகி, மேகத்துக்குள் இருக்கும்போது பக்கவாட்டுத் துளை வழியாகச் சற்று நேரம் வெளியே நீட்டி இழுத்துக்கொள்ள வேண்டும். கேட்பதற்கு விளையாட்டுபோல இருக்கும். விமானம் தூக்கிப் போடும் போட்டில் அவன் தோள் எப்போதும் கன்றிப்போயிருக்கும். பொதட்டூர்பேட்டைக்குப் பக்கத்து கிராமத்தில் நெல் விவசாயம் செய்யும் குடும்பம். நானும் அவனும் திருவள்ளூரில் ஸ்டேஷனுக்குப் பின்னால் ஒரே அறையில் வருடக்கணக்கில் தங்கியிருந்தோம். விமானம் ஏறும் நாளில் நாஷ்டாவைத் தொட மாட்டான். பத்திரமாக இறங்கிய பிறகு, நானும் கரையில் இருந்தால், தன் பங்கோடு என் பங்கையும் சேர்த்துச் சாப்பிடுவான். எனக்கு அவனைவிட நெருங்கிய ஆள் அப்போது யாரும் இல்லை.

எங்கள் குழுத் தலைவரின் பெயரை நான் சொல்லப் போவதில்லை. உயிரோடு இருந்தால் அவர் அதை விரும்பியிருக்க மாட்டார். சட்டையில் ஒரு கசங்கல் இருக்காது. பேச்சில் ஒரு சொல் அதிகமாக இருக்காது. எங்களோடு எப்போதும் ஆங்கிலத்தில்தான் பேசுவார். எந்த ஊர்க்காரர் என்றுகூட எங்களுக்குத் தெரியாது, கேட்கவும் துணிவில்லை. ரேடார் அறையில் அவர் வைத்திருந்த சட்டம் ஒன்று உண்டு. ஒருவர் கையில் மைக் இருக்கும்போது அறையில் வேறு குரல் எழக் கூடாது. மேகத்துக்குள் பறக்கும் விமானியின் காதில் இரண்டு குரல் விழுந்தால் அவன் எதையும் கேட்காமல் போவான் என்பார். நல்ல சட்டம். இன்றும் நான் அதைக் குறை சொல்ல மாட்டேன்.

இன்னொரு வழக்கமும் இருந்தது. கும்மிடிப்பூண்டிக்கு அப்பால், ஆந்திர எல்லையில் மலைத்தொடர் இருக்கிறதே, அது எங்கள் திரையில் எந்நேரமும் ஒரு திட்டாகத் தெரியும். புதிதாக வருகிறவர்கள் அதை மேகம் என்று நினைத்து ஏமாறுவார்கள். அதனால் பணிமுறை மாறும்போதெல்லாம், கப்பல் நிற்கும் இடத்துக்கு ஏற்ப, திரைக் கண்ணாடியின் மேல் சிவப்பு மெழுகுப் பென்சிலால் மலையைச் சுற்றி ஒரு கோடு போட்டுவிடுவோம். அந்தக் கோட்டுக்குள் இருப்பதைப் பார்க்காதே என்பது பொருள். என்ன ஆனாலும் இடத்தை விட்டு எழுந்திருக்காது என்பதால் அதற்கு 'மாமியார்' என்று பெயர் வைத்திருந்தோம். நாளாக நாளாகக் கண் தானாகவே அந்த இடத்தைத் தாண்டிப் போய்விடும்.

அன்று காலையில் கடல் எண்ணெய் ஊற்றியதுபோல அமைதியாக இருந்தது. மதியத்துக்குப் பிறகு எங்களுக்கும் கரைக்கும் நடுவில் வடக்கு தெற்காக மேகங்கள் வரிசை கட்ட ஆரம்பித்தன. விமானம் எங்கள் பக்கத்தில், கடல் பக்கத்தில், துளி பிடித்துக்கொண்டிருந்தது. வேலை முடிந்துவிட்டது என்று விமானி சொன்னார். அந்த வரிசையில் நல்லதாக ஒரு மேகம் எழும்பிக்கொண்டிருந்தது. அப்படி ஒன்று கிடைக்க நாங்கள் அந்தப் பருவம் முழுவதும் காத்திருந்தோம். தலைவர் இன்னொரு முறை உள்ளே போய் வரச் சொன்னார். விமானியும் மறுக்கவில்லை. போய் வந்தார்கள். அதற்குள் வரிசை இணைந்து சுவராகிவிட்டது. பெட்ரோல் குறைந்துகொண்டிருந்தது. வீட்டுக்குப் போக எங்கே வழி என்று விமானி கேட்டார்.

தெற்கே சுற்றிப் போகலாம். வரிசையின் தென்முனை சென்னையையும் தாண்டி நீண்டிருந்தது. அவ்வளவு தூரத்துக்குப் பெட்ரோல் போதுமா என்பது சந்தேகம். போதாவிட்டால் கடல்தான். தலைவர் திரையின் மேல் குனிந்தார். சுவரின் நடுவே, மேற்கில், ஒரு இடைவெளி தெரிந்தது. இரு பக்கமும் பச்சை, நடுவில் சுத்தமான இருட்டு. அதன் வழியாகப் போனால் கும்மிடிப்பூண்டிக்கு மேலே கரையைத் தொட்டு, திருவள்ளூர் வழியாக மீனம்பாக்கம் போய்விடலாம். இன்னொரு முறை உள்ளே அனுப்பியவர் அவர். அவர்களைச் சீக்கிரம் வீட்டுக்கு அனுப்ப வேண்டும் என்ற தவிப்பு அவருக்கு இருந்திருக்கும் என்று இன்று நினைக்கிறேன். மைக்கை எடுத்து, திசையைச் சொல்லி, வழி தெளிவாக இருக்கிறது, போங்கள் என்றார். வழக்கமான குரல். வழக்கமான ஆங்கிலம். விமானம் திரும்பியதை நாங்கள் திரையில் பார்த்தோம்.

கப்பலுக்கு மேற்கே, எங்களுக்கு மிகப் பக்கத்தில், சின்னதாக ஒரு மழை அப்போதுதான் வலுத்திருந்தது. கதவு திறந்தால் அதன் இரைச்சல் கேட்கும். அதை யாரும் பொருட்படுத்தவில்லை. விமானம் அதற்கு மேலே போய்விடும்.

நான் திரையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். ஒன்றை நேர்மையாகச் சொல்லிவிடுகிறேன். என் திறமையைப் பற்றி நீங்கள் தவறாக நினைத்துவிடக் கூடாது. நான் பிறந்தது கும்மிடிப்பூண்டி பக்கம். எங்கள் வீட்டு வாசலில் நின்றால் அந்த மலைதான் தெரியும். கப்பலில் வாரக்கணக்கில் கிடக்கும்போது, பார்க்காதே என்று கோடு போட்ட அந்த இடத்தைத்தான் நான் திருட்டுத்தனமாகப் பார்த்துக்கொண்டிருப்பேன். அன்றும் பழக்கத்தில் கண் அங்கே போனது. சிவப்புக் கோடு இருந்தது. உள்ளே ஒன்றும் இல்லை.

ஆண்டெனாவை உயர்த்தியிருந்தால் மலை தெரியாமல் போகும். யாரும் உயர்த்தவில்லை. கருவி பழுதென்றால் மற்ற மேகங்களும் மறைந்திருக்க வேண்டும். மலை அந்த இடைவெளிக்கு நேர் பின்னால் இருந்தது. வழி திறந்திருந்தால் அதன் வழியாக மலை தெரிந்தே ஆக வேண்டும். உங்களுக்கு இப்போதே புரிந்திருக்கும். எங்கள் ரேடாரின் அலை, பக்கத்தில் வலுத்திருந்த அந்த மழையைப்போலக் கனத்த மழைக்குள் போனால் அங்கேயே தீர்ந்துவிடும். அதற்கு அப்பால் என்ன இருந்தாலும் திரையில் இருட்டுத்தான். தெளிந்த வானமும் அதே இருட்டுத்தான். இது அந்த அறையில் இருந்த எல்லோரும் பரீட்சையில் எழுதி மதிப்பெண் வாங்கிய விஷயம். ஆனால் வழி வேண்டும் என்று தவிக்கிறவனுக்கு இருட்டு வழியாகத்தான் தெரியும்.

மைக் தலைவர் கையில் இருந்தது. "சார், மாமியாரைக் காணோம்" என்றேன்.

அந்த நேரத்தில் அந்தச் சொல்தான் வாயில் வந்தது. அறையில் யாரும் சிரிக்கவில்லை. தலைவர் திரும்பி என்னை ஒரு பார்வை பார்த்தார். சட்டத்தை மீறியவனைப் பார்க்கும் பார்வை. பிறகு திரையைப் பார்த்தார். சிவப்புக் கோட்டின் மேல் விரலை வைத்தார். கதவுப் பக்கம் திரும்பி மழை இரைச்சலைக் கேட்டார். அவர் முகம் வெளிறிப்போனதை அந்தப் பச்சை வெளிச்சத்திலும் பார்க்க முடிந்தது.

அவர் என்னவெல்லாம் செய்திருக்கலாம் என்று யோசித்துப் பாருங்கள். பொறு, சரிபார்க்கிறேன் என்று கப்பலைக் கொஞ்சம் நகர்த்தியிருக்கலாம். வேறு திசையில் போகச் சொல்லி, காற்று மாறிவிட்டது என்று காரணம் சொல்லியிருக்கலாம். சந்தேகம்தானே என்று சும்மாகூட இருந்திருக்கலாம். சந்தேகத்தைச் சொல்லாததற்காக யாரும் யாரையும் தண்டித்ததில்லை. அவர் மைக்கை வாயோடு ஒட்டிப் பிடித்துக்கொண்டார்.

"போவாதீங்க! அங்க போவாதீங்க! நான் சொன்னது தப்பு. அது வழி இல்ல. அங்க இன்னா கீதுன்னே எனக்குத் தெரியல. திரும்புங்க, தெக்கால திரும்புங்க!"

தமிழ். அதுவும் எங்கள் பக்கத்துத் தமிழ். குரல் உடைந்து நடுங்கியது. அவர் திருவள்ளூர் பக்கத்து ஆள் என்று எங்களுக்குத் தெரிந்தது அப்போதுதான்.

பதில் இல்லை. மின்னல் வெட்டும்போதெல்லாம் ரேடியோவில் கரகரப்பு மட்டும் வந்தது. திரையில் விமானத்தின் புள்ளி அந்த மழையின் ஒளிக்குள் கலந்துவிட்டது. முனிரத்தினம் கோலை மடித்து வைத்துவிட்டு, வீட்டுக்குப் போகிறோம் என்று உட்கார்ந்திருப்பான் என்று நினைத்தேன். தலைவர் அதே சொற்களைத் திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டிருந்தார். பிறகு புள்ளி வெளியே வந்தது. மழைக்குத் தெற்கே. விமானி ஒரே சொல் சொன்னார்: திரும்பிவிட்டோம்.

அதோடு முடியவில்லை. தெற்கே போகச் சொல்லிவிட்டோம். பெட்ரோல் போதுமா என்று எங்களில் யாருக்கும் தெரியாது. புள்ளி திரையின் ஓரம்வரை போய் மறைந்தது. ரேடியோவும் எட்டாமல் போனது. சற்று நேரத்தில் எங்கள் பக்கத்து மழை கப்பலைக் கடந்து கிழக்கே போனது. அது விலக விலக, இடைவெளி இருந்த இடம் பச்சையாக நிரம்ப ஆரம்பித்தது. அந்தச் சுவரிலேயே மிகக் கொடிய மேகம் அங்கேதான் நின்றுகொண்டிருந்தது. அதைப் பார்த்தபோதும் எனக்கு நிம்மதி வரவில்லை. தலைவர் அதையே பார்த்துக்கொண்டு நின்றார். நாற்காலியைக் கொடுத்தும் உட்காரவில்லை. கரை நிலையத்திலிருந்து, விமானம் இறங்கிவிட்டது என்று செய்தி வரும்வரை நின்றுகொண்டேயிருந்தார். செய்தி வந்ததும் வெளியே போய்விட்டார். பெட்ரோல் டாங்கில் அடி ஈரம்தான் மிச்சம் இருந்ததாம்.

கரைக்குத் திரும்பியதும் விசாரணை வைத்தார்கள். ஒரே ஆள், ஒரு நிமிடத்துக்குள் எதிரும் புதிருமாக இரண்டு உத்தரவு கொடுத்திருக்கிறாரே என்பதுதான் மேலிடத்தின் கவலை. தலைவர் எதையும் மழுப்பவில்லை. முதலாவது தவறு, அது என்னுடையது என்றார். விமானியிடம், இரண்டில் எதை நம்புவது என்று உங்களுக்கு எப்படித் தெரிந்தது என்று கேட்டார்கள். விமானி, விமானப்படையிலிருந்து ஓய்வு பெற்றவர், அலட்டிக்கொள்ளாமல் சொன்னார்:

"முதல்ல பேசினது அதிகாரி. அடுத்தது பேசினது பயந்துபோன மனுஷன். நான் மனுஷன் சொன்னதைக் கேட்டேன்."

அதை எழுதிக்கொண்டார்களா என்று தெரியவில்லை. அடுத்த பருவத்தில் தலைவருக்குக் கப்பல் கொடுக்கவில்லை. அலுவலகத்தில் ஜன்னல் இல்லாத ஓர் அறையும் மேஜையும் கொடுத்தார்கள். ஒரு விமானம் பத்திரமாகத் திரும்பிவந்ததற்கு அதுதான் பரிசு. இதைச் சொல்லும்போது எனக்கு இன்றும் ஆத்திரம் வருகிறது. தவற்றை மறைத்தவர்கள் மேலே போனதை நான் பின்னால் பல முறை பார்த்தேன். நேர்மையாக இருந்தால் நல்லது நடக்கும் என்று உங்களிடம் பொய் சொல்ல மாட்டேன். உங்கள் வாய்ச்சொல்லை நம்பி ஒருவர் காற்றில் இருக்கும்போது, உங்கள் மானம் முக்கியமா அவர் உயிர் முக்கியமா என்று யோசிக்கக்கூட நேரம் இருக்காது. அந்தக் கணத்தில் வாயில் எது வருகிறதோ அதுதான் நீங்கள். அதற்கு முன்பே உங்களைத் தயார் செய்துகொள்ளுங்கள். தெரியவில்லை என்று சொல்லிப் பழகுங்கள். சின்ன விஷயங்களிலேயே பழகுங்கள்.

அறுவடை முடிந்த சமயத்தில் ஒரு நாள் முனிரத்தினத்தின் அப்பா அலுவலகத்துக்கு வந்தார். அதற்கு முன் நான் அவரைப் பார்த்ததில்லை. நல்ல உயரம், தலையில் துண்டு, தோளில் புது அரிசி மூட்டை. பெரிய சாரைப் பார்க்க வேண்டும் என்றார். முனிரத்தினம் சங்கடப்பட்டான். நான்தான் அழைத்துக்கொண்டு போனேன், அவனும் பின்னாலேயே வந்தான். ஜன்னல் இல்லாத அந்த அறையில் தலைவர் தனியாக உட்கார்ந்திருந்தார்.

பெரியவர் மூட்டையை இறக்கிவிட்டுக் கைகூப்பினார். "எங்க பையன காப்பாத்திக் குட்த்தீங்க சார்" என்றார்.

தலைவர் பதறி எழுந்துவிட்டார். இப்போதும் தமிழிலேயே பேசினார். "அப்படிச் சொல்லாதீங்க. அந்தப் பக்கம் போகச் சொன்னதே நான்தான். உங்ககிட்ட யாரும் சொல்லலையா?"

"சொன்னான் சார். ரெண்டயும்தான் சொன்னான்."

"அப்புறம் எதுக்கு இதெல்லாம்?" தலைவர் மூட்டையைக் காட்டினார்.

பெரியவர் மகனைப் பார்த்தார். "சொல்லட்டா நைனா?" என்று கேட்டார். முனிரத்தினம் சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றான்.

"இவனுக்கு மேல ஒருத்தன் இருந்தான் சார். கெணறு வெட்டற வேலைக்குப் போய்க்கினு இருந்தான். பாறைக்கு வெடி வெச்சாங்க. எல்லாம் வெடிச்சிட்ச்சி, எறங்குடான்னு மேஸ்திரி சொன்னான். எங்க பெரியவனும் எறங்கிட்டான். பாதி எறங்கறப்பவே மேஸ்திரிக்கு நெனப்பு வந்துட்ச்சாம், வெடி ஒண்ணு பாக்கி கீதுன்னு. சுத்தி அத்தினி பேரு நிக்கறாங்க. தப்பா சொல்ட்டோம்னு எப்டி சொல்றதுன்னு வாயத் தெறக்காம நின்னானாம். அந்த மேஸ்திரியே பின்னால எங்க ஊட்டாண்ட வந்து அழுதான்."

எத்தனை வருடம் அவனோடு ஒரே அறையில் இருந்தேன். அவனுக்கு ஓர் அண்ணன் இருந்ததே எனக்குத் தெரியாது. முனிரத்தினம் முகத்தைக் காட்டவேயில்லை.

"எறங்க சொல்றதுக்கு ஆளு கீறாங்க சார்" என்றார் பெரியவர். "நான் சொன்னது தப்பு, மேல வாடான்னு அன்னிக்குக் கூப்புட ஆளு இல்ல. இவனுக்கு நீங்க இருந்தீங்க."

தலைவர், தான் உட்கார்ந்திருந்த நாற்காலியை இழுத்து அவர் பக்கம் போட்டார். பெரியவர் உட்கார மாட்டேன் என்றார். தலைவரும் உட்காரவில்லை. நாற்காலியை நடுவில் வைத்துக்கொண்டு இரண்டு பேரும் நின்றார்கள்.